பெருவெள்ளமும் பெருஞ்செல்வமும்

2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதி காலை எட்டரை மணிமுதல் மறுநாள் காலை எட்டரை மணிவரை தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47. இவ்வெண்களை வெறுமே வாசித்துவிட்டுப் போனால் விஷயம் மனத்தில் தங்காது. முடிச்சூர் ரஸ்தாவையொட்டி ஒருவர் தம் ஆயுட்காலச் சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்கியிருக்கும் ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்வோம். அளவு 2,400 சதுர அடி. அந்த மனையின்மேல் மட்டும் அந்த ஒரு நாளில் வானத்திலிருந்து விழுந்த ஜலம் ஒரு லட்சத்து ஒன்பதினாயிரம் லிட்டர். பன்னீராயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் ஒன்பது லாரி. அண்டை மனைகளில் விழுந்ததும், மேலேயுள்ள ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் நிரம்பி வழிந்து வந்ததும் இந்தக் கணக்கில் சேரவில்லை. நான்கு வருஷம் சென்று, 2019-ம் வருஷம் ஜூலை மாதத்தில், இதே சென்னைக்குக் குடிநீர் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்தது என்பதையும் நேயர்கள் இவ்விடத்திலேயே நினைவு கூர்வார்களாக.

அன்றிரவு முடிச்சூரிலும், அதை ஒட்டிய வரதராஜபுரத்திலும், ராயப்பா நகர், அஷ்டலட்சுமி நகர் முதலான குடியிருப்புகளிலும் கீழ்த்தளம் முழுகிற்று. ஜனங்கள் மாடிக்கு ஏறினார்கள். மாடியில்லாதவர்கள் அடுத்த வீட்டு மாடிக்கு ஏறினார்கள். மின்சாரம் நின்றது. மின்சாரம் நின்றபின் செல்போனும் நின்றது. தாம்பரம் விமான தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் பறந்தன. ராணுவப் படகுகளும், கடலோரத்திலிருந்து லாரியில் ஏற்றிக் கொணர்ந்த மீனவர் படகுகளும் தெருக்களில் ஓடின. மீனம்பாக்கம் விமான நிலையம் ஓடுபாதை முழுகி, டிசம்பர் 6-ந் தேதிவரை வழக்கமான போக்குவரத்தின்றி மூடிக் கிடந்தது. 1878-ம் வருஷத்தில் தோன்றிய 'ஹிந்து' பத்திரிகை, சிப்பந்திகள் மறைமலைநகர் அச்சுக்கூடத்துக்குப் போய்ச் சேர இயலாமையால், முதல் தடவையாக ஒரு நாள் அச்சாகாமல் நின்றது. அந்தப் பருவமழையில் ராஜ்யம் முழுவதும் மாண்டவர் தொகை நானூறுக்கு மேல்.

இத்துன்பம் நேர்ந்த காலத்தில் பலரும் கூறிய சமாதானம், “நாம் ஏழை தேசத்தார், ஐசுவரியமுள்ள தேசமாயிருந்தால் இப்படி நேர்ந்திராது” என்பதாகும். இந்த வார்த்தை எளிதாகச் சொல்லத்தக்கது. சொன்னவுடன் மனத்துக்கு ஓர் ஆறுதலும் தருவது. ஆனால் உண்மையா என்று பார்க்க வேண்டும். முதலாவது, தமிழ்நாடு இந்தியாவின் ஏழை ராஜ்யங்களில் ஒன்றன்று. முடிச்சூரில் முழுகினவையும் ஓலைக் குடிசைகள் மட்டுமல்ல. கடன் தவணை செலுத்திக்கொண்டிருக்கும் கான்கிரீட் வீடுகளும், வாசலில் நின்ற மோட்டார் கார்களுமே. இரண்டாவது, ஐசுவரியமுள்ள தேசங்களில் நேர்ந்ததென்ன என்பதை நாம் அறியாதவர்களல்லோம்.

உலகத்திலேயே தனவந்த நாடு அமெரிக்கா. அங்கே 2005-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 29-ந் தேதி 'கத்ரீனா' என்னும் புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தருகே கரையேறிற்று. சமுத்திர மட்டத்துக்குத் தாழ்ந்த நிலத்தில், வெள்ளத் தடுப்புக் கரைகளை நம்பிக் கட்டப்பட்ட நகரம் அது. கரைகள் பல இடங்களில் உடைந்தன. நகரத்தில் ஐந்தில் நான்கு பங்கு முழுகிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எதிர்பாராத விபத்தென்று சொல்லவும் இடமில்லை. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 2004 ஜூலையில், 'பாம்' என்று ஒரு கற்பனைப் புயலுக்குப் பெயர் சூட்டி, அது நியூ ஆர்லியன்ஸைத் தாக்கினால் என்னென்ன நேரும் என்று அதிகாரிகள் பல நாட்கள் கூடி ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஜலம் கரையைத் தாண்டும், நகரம் முழுகும், சொந்த வண்டியில்லாத ஏழைகள் வெளியேறத் திண்டாடுவார்கள் என்பதெல்லாம் காகிதத்தில் இருந்தது. மறு வருஷம் அப்படியே நடந்தது. ஏழைகளை ஏற்றிச் சென்றிருக்க வேண்டிய பள்ளிக்கூடப் பஸ்கள் வரிசை வரிசையாக நின்ற இடத்திலேயே முழுகிக் கிடந்த படத்தை உலகம் முழுதும் பார்த்தது. விளையாட்டரங்கில் அடைக்கலம் புகுந்தவர்கள் நாட்கணக்கில் அன்னத்துக்கும் ஜலத்துக்கும் தவித்தனர். மத்திய அரசாங்கத்தின் பேரிடர் இலாகாத் தலைவர் இரண்டு வாரத்துக்குள் ராஜீநாமாச் செய்தார். அவர் அவ்விலாகாவில் சேருமுன் அரபுக் குதிரை வளர்ப்போர் சங்கமொன்றில் உத்தியோகம் வகித்தவர் என்பது பிறகு பத்திரிகைகளில் அடிபட்டது. பணமிருந்தும், படையிருந்தும், முன்னறிவும் இருந்தும் அங்கே காரியம் நடக்கவில்லை.

அமெரிக்காவை விடுவோம், பரந்த தேசம், நிறபேதத் தொல்லையுமுள்ளது என்று கூறலாம். ஸ்பெயின் தேசத்து வாலென்சியாவைப் பார்ப்போம். முடிச்சூரார் இவ்விஷயத்தைச் சற்று நின்று படிக்க வேண்டுமென்பது நமது விருப்பம். ஏனெனில் அங்கே முழுகியதும் ஒரு பெரிய நகரத்தின் தெற்குப் புறநகரமே. 1957-ம் வருஷம் தூரியா நதி பெருகி வாலென்சியா நகரத்தை அழித்தது. அதன்பின் ஸ்பெயின் சர்க்கார் பெருந்தொகை செலவிட்டு அந்நதியை நகரத்துக்குத் தெற்கே ஒரு புதுக் கால்வாயில் திருப்பிவிட்டார்கள். பழைய நதிப்படுகை இன்று அழகான பூங்காவாக இருக்கிறது. நகரத்தார் கவலை தீர்ந்தது. காலப்போக்கில் அப்புதுக் கால்வாய்க்கும் அப்பால், மழைக்காலத்தில் மட்டும் ஜலமோடும் ஓடைகளின் ஓரத்தில், பைபோர்த்தா முதலிய சிற்றூர்கள் பெருத்துக் குடியிருப்புகளாயின.

2024-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி காலை எட்டு மணிக்கு முன்னரே வானிலை இலாகா சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. வாலென்சியா சர்வகலாசாலை அன்று வகுப்புகளை நிறுத்தி வைத்தது. ஆனால் பொதுஜனங்களின் செல்போனுக்கு மாகாண அரசாங்கத்தின் அபாய அறிவிப்பு வந்தது இரவு எட்டு மணிக்குமேல். அதற்குள் ஓடை பெருகிப் பைபோர்த்தாவின் வீதிகளில் ஆளுயரத்துக்கு ஜலம் ஓடிற்று; அவ்வூரில் அன்று சொல்லத்தக்க மழைகூட இல்லை, மேலே மலையில் பெய்த மழை. நிலவறைகளில் நிறுத்திய காரைக் காப்பாற்ற இறங்கியவர்கள் திரும்பவில்லை. மாண்டவர் இருநூற்றிருபதுக்கு மேல். நகரத்தின் நடுப்பகுதி தப்பிற்று. மாகாணத் தலைவர் அன்று மதியம் நெடுநேரம் ஒரு போஜன விடுதியில் இருந்தாரென்பது பின்னர் வெளியாகி, ஒரு வருஷ காலக் கூச்சலுக்குப்பின் 2025 நவம்பரில் அவர் பதவி விலகுவதாக அறிவிக்க நேர்ந்தது. எச்சரிக்கை செய்ய வேண்டியது மத்திய சர்க்காரா, மாகாண சர்க்காரா என்ற தர்க்கம் சேறு உலர்ந்தபின்னும் ஓயவில்லை. ஆறுதல் கூற வந்த அரசர்மேலேயே ஜனங்கள் சேற்றை வாரி வீசினார்கள்.

செல்வம் இருந்தும் இவ்வாறு ஆவதேன்? நமக்குத் தோன்றுவதை ஒளியாமல் சொல்லுகிறோம். செல்வமுள்ள சமூகம் அபாயத்தைத் தன் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. கரை கட்டிவிட்டோம், இனி ஜலம் வராது என்று எண்ணிக் கரைக்கு அடியிலேயே வீடு கட்டுகிறது. ஜப்பானில் தாரோ என்ற கடற்கரையூரில், 1896-லும் 1933-லும் ஆழிப்பேரலையில் அழிந்த அனுபவத்தினால், பத்து மீட்டர் உயரமும் இரண்டு கிலோமீட்டருக்குமேல் நீளமுமுள்ள பெருஞ்சுவர் எழுப்பினார்கள். உலகத்து நிபுணர்கள் அதைப் பார்வையிட வந்தார்கள். 2011 மார்ச் 11-ந் தேதி வந்த அலை அச்சுவரைத் தாண்டி உள்ளே இறங்கிற்று. சுவருக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அலை வருவது கண்ணுக்குத் தெரியவில்லை.

நம்முடைய பக்கத்தில் அபாயத்தை மறைத்தது சுவரன்று, பத்திரம். ஏரியின் உட்புலம் என்றும், நஞ்சையென்றும், வாய்க்கால் புறம்போக்கு என்றும் கிராமக் கணக்கில் பெயர் பெற்றிருந்த நிலம், ஒரு தடவை 'நகர்' என்று பெயர் மாறி மனைப் படமாக அச்சிடப்பட்டுவிட்டால், வாங்குவோர்க்கு அதன் பூர்வோத்தரம் எப்படித் தெரியும்? சென்னை ராஜதானிக் காலத்திலேயே இந்த வழக்கம் தொடங்கிவிட்டது. இன்றைய தியாகராய நகரம் 1920-ம் வருஷங்களில் மாம்பலம் ஏரிப் படுகையில் எழுந்ததே. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்காட்சித் தெரு என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் கொண்ட ரஸ்தா இன்றும் இருக்கிறது; காட்சிக்கு ஏரிதான் இல்லை. செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லா என்றே வழங்குவார்கள். சமவெளியில், கடலை நோக்கி மெல்லச் சரியும் நிலத்தில், ஒன்றன் கலங்கல் வழிந்து அடுத்ததை நிரப்புமாறு தொடுத்து வைத்த ஏரிகள் அவை. அத்தொடரில் ஓர் ஏரி தூர்ந்தால் அதன் பங்கு ஜலமும் அடுத்த ஊர்க்காரன் தலையில் இறங்கும். அடையாறு என்பதே இவ்வேரிகளின் வடிகாலன்றி மலையில் பிறந்த நதியன்று.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. 2015-ம் வருஷ வெள்ளம் என்றாலே செம்பரம்பாக்கம் ஏரியைக் காலத்தில் திறக்கவில்லை என்ற புகார்தான் எல்லோர் வாயிலும் வருகிறது. டிசம்பர் 1-ந் தேதி இரவு அந்த ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அளவில் திறந்துவிட்டதையும், பிற ஏரிகளின் உபரியும் அடையாற்றில் கலந்ததே காரணமென்று சர்க்கார் சமாதானம் சொன்னதையும், மத்திய கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை 2018-ல் சட்டசபைக்கு வந்து அவ்விபத்தில் மனிதச் செயலின் பொறுப்பைச் சுட்டியதையும் நாம் அறிவோம். ஈக்காட்டுத்தாங்கலும் சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் கோட்டூர்புரமும் பட்டபாட்டுக்கு அந்த வாதம் முற்றிலும் பொருந்தும். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரி ஜலம் அடையாற்றில் வந்து சேருமிடம் திருநீர்மலைக்கு அருகில். முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. அந்த ஏரியின் ஷட்டரை யார் எப்பொழுது தூக்கினாலும் தூக்காவிட்டாலும் முடிச்சூர் முழுகியே இருக்கும். அதை முழுக்கியவை பெயர் பெறாத சிற்றேரிகள். பெரிய ஏரிக்கு எஞ்சினியர் உண்டு, அளவுகோல் உண்டு, பத்திரிகைச் செய்தி உண்டு. ஆதனூர் ஏரிக் கலங்கலில் ஜலம் எத்தனை அங்குலம் வழிகிறது என்று அன்றிரவு சொல்ல யாரிருந்தார்கள்?

பொறுப்பு பலர் கையில் சிதறிக் கிடக்கிறது. ஊர் பஞ்சாயத்தினுடையது. ஆறும் ஏரியும் பொதுப்பணி இலாகாவினுடையவை. பின்னர் நீர்வள இலாகா என்று தனிப் பெயர் பெற்றன. ரஸ்தா நெடுஞ்சாலை இலாகாவினுடையது. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பது வேறொரு அதிகார ஸ்தானம். 2019-ல் காஞ்சிபுரம் ஜில்லாவைப் பிரித்தபோது முடிச்சூர் செங்கல்பட்டு ஜில்லாவிலும், ஒரே வெள்ளத்தில் முழுகும் வரதராஜபுரம் காஞ்சிபுரம் ஜில்லாவிலும் அடங்கின. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியாக உயர்ந்த காலத்தில் முடிச்சூர் அதில் சேராமல் கிராமப் பஞ்சாயத்தாகவே நின்றது. ஜலத்துக்கு ஜில்லா எல்லை தெரியாது. அதிகாரிகளுக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. 2015-க்குப் பிறகு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். அடையாற்றை அகலப்படுத்தினார்கள், வெளிவட்டச் சாலையையொட்டி மூடு கால்வாய்கள் அமைத்தார்கள். அப்படியும் 2021 நவம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே தெருக்களில் படகு வந்தது.

பொறுப்புச் சிதறல் தனவந்த நாட்டுக்கே உரிய வியாதி என்று சொல்லலாம்; இலாகாக்கள் பெருகப் பெருக உத்தரவுக்குக் காத்திருத்தலும் பெருகுகிறது. 1995 ஜனவரி 17-ந் தேதி விடியற்காலையில் ஜப்பானின் கோபே நகரம் பூகம்பத்தில் இடிந்து, ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ராணுவத்தார் பக்கத்திலேயே இருந்தார்கள். ஆனால் மாகாண கவர்னர் எழுத்து மூலமாகவோ வாய்மொழியாகவோ கேட்டுக்கொண்டாலன்றி அவர்கள் பெருமளவில் புறப்படலாகாதென்று சட்டமிருந்தது. அந்த வேண்டுகோள் போய்ச் சேர ஏறக்குறைய நான்கு மணி நேரமாயிற்று. இடிபாட்டிலிருந்து உயிருடன் மீண்டவர்களில் பெரும்பாலோரை இழுத்துக் காப்பாற்றியவர்கள் வீட்டாரும் அண்டையயலாருமே.

அண்டையயலாரைப் பற்றி இன்னொரு செய்தி. 2003 ஆகஸ்டில் பிரான்ஸ் தேசத்தில் கடும் வெயில் அடித்தது. ஒரு வீடு இடியவில்லை. ஒரு பாலம் உடையவில்லை. ஆனால் ஏறக்குறைய பதினையாயிரம் பேர் மாண்டனர். பெரும்பாலோர் தனித்து வசித்த விருத்தர்கள். மந்திரிகளும் வைத்தியர்களும் விடுமுறையில் கடற்கரைக்குப் போயிருந்தார்கள்; பிள்ளைகளும் அங்ஙனமே. பாரிஸ் நகரத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட சடலங்களைக் கேட்டு எவரும் வரவில்லை. நகரசபையாரே அடக்கம் செய்தார்கள். தேசத் தலைவர் சிராக் சவக்குழியருகே வந்து நின்றார். முடிச்சூரிலும் தாம்பரத்திலும் மக்கள் அமெரிக்காவில், தாயும் தந்தையும் மாடி வீட்டில் என்றிருக்கும் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. 2015-ல் அவ்விருத்தர்களைத் தூக்கிப் படகிலேற்றியவர்கள் பெயர் தெரியாத வாலிபர்கள். கோயில்களும் மசூதிகளும் மாதா கோயில்களும் கல்யாண மண்டபங்களும் எவருத்தரவுக்கும் காத்திராமல் கதவைத் திறந்தன. மீனவர்கள் தங்கள் பிழைப்புக்கருவியாகிய படகை எடுத்து வந்தார்கள். அதே வேளையில், தொண்டர்கள் கொணர்ந்த அரிசி மூட்டைகளை வழிமறித்துத் தலைவர் படத்தை ஒட்டிய பின்னரே அனுப்புகிறார்கள் என்ற புகாரும் பத்திரிகைகளில் வெளிவந்தது. அது எவ்வளவு தூரம் உண்மையாயினும் ஆகுக. அப்படியொரு புகார் எழக்கூடிய நிலைமை இருந்ததே வெட்கத்துக்கு இடமானது.

இது தேர்தலைப் பற்றிய பேச்சில் கொண்டுவிடுகிறது. 2009-ல் இரண்டு அமெரிக்க அறிஞர்கள் பல வருஷத்துத் தேர்தல் கணக்குகளை ஆராய்ந்து ஒரு முடிவைக் கண்டார்கள். விபத்துக்குப்பின் நிவாரணம் வழங்கும் கட்சிக்கு ஜனங்கள் ஓட்டுப் போடுகிறார்கள். விபத்து வராமல் தடுக்கச் செலவிட்டவர்க்கு அந்த நன்றி கிடைப்பதில்லை. முன்னேற்பாட்டுக்குச் செலவிடும் ஒரு டாலர் பிற்காலத்தில் பதினைந்து டாலர் நஷ்டத்தைத் தடுக்குமென்றும் அவர்களே கணக்கிட்டார்கள். அப்படியிருக்க, தூர் வாரிய வாய்க்காலுக்கு எவன் மாலை போடுவான்? முழுகாத வீட்டை யார் படம் பிடிப்பார்கள்? நிவாரணப் பணம் கையில் விழும்போது தெரிகிறது. மதகுக்குப் போட்ட பணம் மண்ணுக்குள் போகிறது. இதில் அரசியல்வாதியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாமும் ஓட்டுப் போடுபவர்களே.

செல்வம் பயனற்றதென்பது நமது வாதமன்று. மொத்தத்தில் பார்த்தால் தனவந்த நாடுகளில் விபத்தால் மாள்வோர் குறைவே. 2011-ம் வருஷத்துப் பூகம்பத்தில் ஜப்பானின் அதிவேக ரயில்களில் பிரயாணி ஒருவர்கூட மாளவில்லை. ஆனால் பணத்தை எதிலே போட்டார்கள், அதை யார் காவல் காத்தார்கள் என்பதில் வேற்றுமை பிறக்கிறது. 2021 ஜூலை மாத மத்தியில் ஜெர்மனி, பெல்ஜியம், ஹாலந்து மூன்று தேசங்களிலும் ஒரே மேகக்கூட்டம் பெய்தது. ஐரோப்பிய வெள்ள எச்சரிக்கை நிலையத்திலிருந்து சில நாட்கள் முன்னரே அறிவிப்புகள் வந்திருந்தன. ஜெர்மனியில் நூற்றெண்பதுக்கு மேற்பட்டோரும் பெல்ஜியத்தில் சுமார் நாற்பது பேரும் மாண்டனர். ஜெர்மனியில் பழைய யுத்தகால அபாயச் சங்குகளைப் பல ஊர்களில் கழற்றிவிட்டிருந்தார்கள். 2020 செப்டம்பரில் தேசம் முழுதும் நடத்திய எச்சரிக்கை ஒத்திகையும் தோல்வியடைந்திருந்தது. ஹாலந்திலோ வெள்ளத்தில் ஓருயிரும் போகவில்லை. ஆயிரக்கணக்கானோர் முன்னதாகவே வெளியேற்றப்பட்டார்கள். ஓர் ஆஸ்பத்திரியை அபாயம் வருமுன்னரே காலி செய்தார்கள். ஜெர்மனியின் ஆர் நதிப் பள்ளத்தாக்கு குறுகியது, ஜலம் சுவர்போல் எழும்; ஹாலந்து சமவெளி. ஆகையால் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது முழு நியாயமாகாது. ஆயினும் ஹாலந்தின் ஏற்பாட்டை நாம் கவனிக்காமலிருக்க முடியாது.

அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் நீர்ச்சபைகள் என்று தனி ஸ்தாபனங்கள் உண்டு. ஜலத்தைத் தவிர அவற்றுக்கு வேறு வேலையில்லை. அவற்றுக்குத் தனித் தேர்தல், தனி வரி. இப்போது இருபத்தொரு சபைகள் இருக்கின்றன. எல்லையும் ஜலத்தின் போக்கையொட்டி வகுக்கப்பட்டது. 1953-ல் கடல் பொங்கி ஆயிரத்தெண்ணூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபின் பெருங்கரைகள் கட்டினார்கள். 1993-லும் 1995-லும் நதிகள் பொங்கியபின் யோசனையை மாற்றி, கரையை உயர்த்துவதை விட்டு நதிக்கு இடங்கொடுக்கத் தலைப்பட்டார்கள். சில இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளி, குடிகளுக்கு ஈடு கொடுத்து நிலத்தை நதிக்கு விட்டார்கள்.

இதைப் படிக்கும் தமிழர் எவருக்கும் ஓர் ஊர் நினைவுக்கு வரவேண்டும். முடிச்சூரைப்போலவே பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது உத்தரமேரூர். அவ்வூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், ஏறக்குறைய கி.பி. 920-ல், வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் முறைக்காகப் பிரசித்தமானவை. தேர்தலைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் அத்தேர்தல் எதற்காக நடந்தது என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். அதில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர், முந்நூற்றறுபது நாள் பதவி. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலைக்குப் பெயர் கொடுக்கலாகாது. ஹாலந்தின் நீர்ச்சபைக்கு முந்நூறு வருஷம் முந்தியது நம் ஏரி வாரியம்! அவர்கள் அதைக் கைவிடவில்லை, நாம் கைவிட்டோம். பிற்காலத்தில் குடிமராமத்து என்ற வழக்கமாக அதன் நிழல் நின்றது. அந்நியக் கம்பெனி ஆட்சி ஏரிகளை ரெவினியூ இலாகா, மராமத்து இலாகா என்று பங்கிட்டு, 1858-ல் குடிமராமத்துக்குக் கட்டாய வேலைச் சட்டமும் போட்டது. ஊரார் தம்முடையதென்று செய்துவந்ததைச் சட்டம் போட்டு வாங்க முயன்றபின் அது நலிந்தது. சுயராஜ்யம் வந்தபின்பும் அதை மீட்கவில்லை. அவ்வப்போது குடிமராமத்து என்ற பெயரால் சர்க்கார் திட்டங்கள் வந்திருக்கின்றன. ஆனால் கலங்கலைக் காக்கும் அதிகாரமும் அதற்கான வரியும் ஊராரிடம் திரும்பி வரவில்லை.

பழம்பெருமை பேசிக் கண்ணை மூடிக்கொள்ள நாம் இதைச் சொல்லவில்லை. அன்றைய வாரியத்தில் நிலமும் சொந்த மனையும் வேத சாஸ்திரப் பயிற்சியும் உள்ளவர்க்கே இடமிருந்தது. அது இன்று நமக்குச் சம்மதமன்று. பழையதை விட்டு, சமீப காலத்தில் நம் தேசத்திலேயே நடந்ததைப் பார்க்கலாம். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய பதினாயிரம் பேர் மாண்டனர். இந்தியாவின் ஏழை ராஜ்யங்களில் ஒன்றென்று அக்காலத்தில் அதைச் சொல்லுவார்கள். அவ்வருஷமே பேரிடருக்கென்று ஒரு தனி ஸ்தாபனம் அமைத்தார்கள். கடலோரத்தில் புயல் காப்பகங்கள் கட்டினார்கள். ஊருக்கு ஊர் வாலிபர்களைப் பழக்கினார்கள். எந்தக் கிழவியை யார் தூக்கிவருவது என்பது வரையில் முன்னரே ஏற்பாடு செய்துகொண்டார்கள். 2013-ல் பைலின் புயலின்போது பத்து லட்சம் பேர்போல் வெளியேற்றினார்கள். மாண்டவர் சில பத்துப் பேர். 2019-ல் போனி புயலுக்கு முன் பன்னிரண்டு லட்சம் பேர், மாண்டவர் 64. வங்காள தேசத்தில் 1970-ம் வருஷத்துப் புயல் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோரை விழுங்கிற்று. அத்தேசம் இன்றும் செல்வத்தில் ஸ்பெயினின் கால் தூசுக்கு வராது. ஆயினும் இப்போது அங்கே வரும் பெரும்புயல்களில் மாள்வோரை ஆயிரக்கணக்கில் எண்ணவேண்டியதில்லை. வீடும் பயிரும் போவதைத் தடுக்க அவர்களாலும் இயலவில்லை. அதற்குப் பணம் வேண்டும். உயிரைக் காப்பதற்கு வேண்டியிருந்தது, ஓர் இரவு முன்னதாக ஒருவர் கதவைத் தட்டுவது.

முடிச்சூர் விஷயத்தில் நாம் கேட்பது அதிகமொன்றுமில்லை. அடையாற்றின் தலைப்பிலிருந்து திருநீர்மலை வரையிலுள்ள ஏரிகளையும் வாய்க்கால்களையும், ஜில்லா எல்லையைப் பாராமல், ஒரே அதிகாரியின் பொறுப்பில் வைக்க வேண்டும். அந்த அதிகாரிக்குப் பக்கத்தில் ஊரார் தேர்ந்தெடுத்த சபையொன்று இருக்க வேண்டும். ஆதனூர்க் குடியானவரும் வரதராஜபுரத்து வீட்டுக்காரரும், வீட்டுக்காரருக்கு வாடகை கொடுப்பவரும் அதிலிருக்க வேண்டும். ஏரிக் கலங்கல்தோறும் அளவுகோல் நட்டு, மழைக்காலத்தில் இரவிலும் ஆள் வைக்க வேண்டும். கலங்கலில் இத்தனை அங்குலம் வழிந்தால் இத்தனை மணி நேரத்தில் இந்தத் தெருவுக்கு ஜலம் வரும் என்பதை மூன்று வெள்ளத்து அனுபவத்திலிருந்து கணக்கிடுவது கடினமன்று. சுவரில் கறைக்கோட்டைக் காட்டி நேரத்தைச் சொல்லத்தக்கவர்கள் அத்தெருக்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். மின்சாரமும் செல்போனும் நிற்கும் என்று வைத்துக்கொண்டே யோசிக்க வேண்டும். ஆகையால் சங்கு வேண்டும், கோயில் மணி வேண்டும், மாதா கோயில் மணி வேண்டும். தனித்திருக்கும் முதியவர்களின் பட்டியல் தெருவுக்கு ஒன்று வேண்டும். படகுகள் கடற்கரையிலிருந்து லாரியேறி வரும்வரை காத்திராமல் ஊரிலேயே நாலு படகு கிடக்க வேண்டும். ஆற்றுக்கு விடவேண்டிய நிலம் எவ்வளவு, அங்கிருப்போர்க்கு ஈடு எவ்வளவு என்ற பெரிய கேள்வி இருக்கிறது. அதற்குப் பல வருஷமும் மிகுந்த பணமும் பிடிக்கும். ஏமாந்து மனை வாங்கினவனை மட்டும் ஆக்கிரமிப்பாளன் என்று வெளியேற்றி, அனுமதி கொடுத்தவரையும் விற்றவரையும் விட்டுவிடும் முறையில் அது தீராது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

முதற்காரியமாக, ஐப்பசி மழையில் இரவு பத்து மணிக்கு முடிச்சூர்வாசி ஒருவர் ஆதனூர் ஏரி நிலவரத்தை யாரிடம் கேட்டறிவது என்ற கேள்விக்கு விடை வேண்டும். அந்த உத்தியோகஸ்தரின் பெயரையும் டெலிபோன் நம்பரையும் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் எழுதி வைக்க ஒரு டப்பா பெயிண்டு போதும்.